மூன்று கூவல்

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் ஆள் நான். பள்ளியிறுதி வரை போனதும் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் படித்தவள் என்பதால் இதை எழுதும் பொறுப்பும் என் மேல் விழுந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றி இன்றும் ஒரு பேச்சு இருக்கிறது. சாகக் கிடந்த தமிழனுக்கு மலையாளத்தி கதவை அடைத்தாள் என்று சொல்வார்கள். சாகக் கிடந்தவர் என் அப்பா. கதவை அடைத்தவர் எதிர் விளையில், அதாவது எதிர்த் தோட்டத்து வீட்டில், இருந்த அக்கச்சி. அக்காவை மலையாளத்தில் அப்படிக் கூப்பிடுவோம். இரண்டும் உண்மை. ஆனாலும் அந்தப் பேச்சு பொய். எல்லைப் போராட்டம் முடிந்துவிட்டது, இனி யார் மேலும் வாரண்டு இல்லை. ஆகவே நடந்ததைச் சொல்லலாம்.

எங்கள் வீடு பாறசாலைக்குக் கிழக்கே ஒரு மேட்டில் இருக்கிறது. முற்றத்தில் நின்றால் குன்னத்துகால் ரோடு வளைந்து வருவது தெரியும். எதிரே இன்னொரு மேடு, அதில் அக்கச்சியின் வீடு. நடுவில் நெல்வயல் பள்ளம். அதை ஏலா என்போம். கண்ணுக்கு எதிர் வீடு பக்கம்தான். ஆனால் இறங்கி, வரப்பில் நடந்து, மறுபடி ஏற வேண்டும். ஒரு வார்த்தை சொல்ல இவ்வளவு தூரம் நடக்க யாருக்கும் நேரம் கிடையாது. ஆகவே எங்கள் பக்கத்துப் பெண்கள் கூவுவார்கள்.

கூவலிலும் வகை உண்டு. நீட்டி ஒன்று கூவினால் முற்றத்து ஓரம் வா, பேச்சு இருக்கிறது என்று அர்த்தம். குறுக்கி இரண்டு என்றால் கடைக்குப் போகிறேன், ஏதாவது வேண்டுமா என்று. இடையில் மூச்சு விடாமல் மூன்று கூவினால் ஆபத்து, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வா என்று. இதை யாரும் யாருக்கும் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. நடக்கப் பழகுவதுபோலப் பழகிக்கொள்வதுதான்.

கூவலை விடப் பெரிய காரியம் விளி கேட்பது. கூப்பிட்ட குரலுக்குப் பதில் குரல் கொடுப்பதைத்தான் அப்படிச் சொல்வோம். கையில் மாவு ஒட்டியிருக்கலாம், மடியில் பிள்ளை பால் குடிக்கலாம். முதலில் 'ஹோய்' என்று ஒரு குரல் கொடுத்துவிட வேண்டும். வருவதெல்லாம் பிறகு. கூவினவள் பதில் இல்லாமல் நிற்கக் கூடாது.

எங்கள் ஆடு ஒருமுறை அக்கச்சியின் வாழைக்கன்றுகளைத் தின்றுவிட்டது. அக்கச்சி எங்கள் வீட்டு ஆட்களையும் ஆட்டையும் வரிசையாகத் திட்டினார். அம்மாவும் சும்மா இருக்கவில்லை. அடுத்த நாள் பேச்சு இல்லை. சாயங்காலம் அம்மா முற்றத்து ஓரம் போய் நீட்டி ஒன்று கூவினாள்.

"ஹோய். எனிக்கு நின்னோடு மிண்டாட்டம் இல்லா," என்றார் அக்கச்சி. உன்னோடு எனக்குப் பேச்சில்லை என்று அர்த்தம்.

"மிண்டண்டாம் அக்கச்சி. உங்க பசு கயித்த அறுத்துக்கிட்டு ரோட்டுல போவுது. அதைச் சொல்லத்தான் விளிச்சேன்."

அக்கச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு பசுவின் பின்னால் ஓடினார். எங்கள் அப்பா நல்லமிளகைப் பாயில் பரப்பிக்கொண்டே சொன்னார். "ரெண்டு பேருக்கும் சண்டை போட வேற ஆளு கிடையாது. அதனால விட்டுற மாட்டாளுவ."

அக்கச்சி மலையாளத்தில் பேசுவார், அம்மா தமிழில் பதில் சொல்வாள். அவை இரண்டு மொழிகள் என்று எனக்கே பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரியும். அவர்கள் இந்துக்கள், நாங்கள் மிஷன் கோயில்காரர்கள். ஓணத்துக்கு அங்கிருந்து பாயசம் வரும், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து முறுக்கு போகும். அக்கச்சியின் கணவர் பகுதிக் கச்சேரியில் குமாஸ்தா. எங்கள் ஊரின் நிலவரியெல்லாம் அந்தக் கச்சேரியில்தான். அதிகம் பேசாத மனிதர்.

நான் கூவ மாட்டேன். பெண்கள் தெருவில் குரல் உயர்த்தக் கூடாது என்று பள்ளியில் டீச்சர் சொல்லியிருந்தார். எதிர் வீட்டுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஏலாவில் இறங்கி ஏறிப் போய்ச் சொல்வேன். அம்மாவுக்கு அது வேடிக்கை. "எங்க வீட்டு டீச்சர் எழுந்தருளுதா," என்பாள். அந்தக் கேலியிலும் ஒரு பெருமை இருந்தது. எனக்கு அது கேட்கும்.

பிறகு போராட்டம் சூடு பிடித்தது. தமிழ் பேசுகிற தாலுகாக்கள் மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம், ஊர்வலம். எங்கள் தாலுகாவையும் சேர்த்துத்தான் கேட்டார்கள். அப்பா சந்தையிலிருந்து நோட்டீஸ்கள் கொண்டு வருவார். நான் முற்றத்தில் நின்று உரக்க வாசிப்பேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். என் படிப்பு ஊருக்கு உதவிய முதல் இடம் அது. அதிலிருந்த ஒவ்வொரு வரியையும் நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

போலீஸ் வண்டி ஊருக்குள் அடிக்கடி வர ஆரம்பித்தது. வந்தால் வாலிபர்களைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போவார்கள். ஒரு நாள் முக்கில் தையல் கடை வைத்திருந்த அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கத்துத் தொண்டர்களுக்கு அவர்தான் தலைவர். மேட்டு ஓரம் போய் ரோட்டைப் பார்த்தார். திரும்பி வந்து அம்மாவிடம் கேட்டார்.

"அக்கா, வண்டி அந்த வளைவு திரும்பினா இஞ்ச இருந்து தெரியும். தெரிஞ்ச உடனே நீங்க ஒண்ணு கூவணும். பயலுவ ரப்பர் தோட்டத்துக்குள்ள கேறிருவானுவ. பொம்பளைய கூவுதது தினமும் உள்ளதாக்கும். போலீசுக்குச் சந்தேகம் வராது."

"எந்தக் கூவல?"

"அந்த மூணுதான். அதுதான் தூரமாக் கேக்கும்."

அம்மா எதிர் மேட்டைப் பார்த்தாள். "அது வீட்டு ஆபத்துக்கு உள்ளதாக்கும் தம்பி."

"இதும் வீட்டு ஆபத்துதான அக்கா. எல்லாம் நம்ம வீட்டுப் பயலுவதான்."

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. வாசிக்கத் தெரியாத என் அம்மாவிடம் ஏதோ ஒன்றைக் கேட்டுப் போராட்டமே வந்திருக்கிறது. அதுவும் அவளுடைய குரலை. அம்மா சரி என்றாள். மூன்று கூவல் கேட்டால் ஆண்கள் ஓட வேண்டும், பெண்கள் கதவை அடைத்துக்கொண்டு சத்தம் காட்டாமல் இருக்க வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லப்பட்டது. அக்கச்சி வீட்டைத் தவிர. "அது கச்சேரிக்காரன் வீடு. அங்க மூச்சு விடப்பிடாது," என்று தையல்கார அண்ணன் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அம்மா ஏலாவில் இறங்கினாள். கூவிச் சொல்லாமல் அம்மா அந்த வரப்பில் நடந்து நான் பார்த்ததில்லை. நானும் பின்னால் போனேன். அக்கச்சி தொழுவத்தில் பசுவுக்குக் காடி வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கச்சி, இனி நான் மூணு கூவினா நீங்க வரண்டாம். கதவ அடைச்சிட்டு உள்ள இரிக்கணும்."

"அதெந்தா, இனி நினக்கு என்னை வேண்டே?" என்று சிரித்தார் அக்கச்சி. அம்மா சிரிக்கவில்லை. அக்கச்சி காடிப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். "போலீஸ் காரியமோ?"

அம்மா தலையாட்டினாள். "சொல்லப்பிடாதுன்னுதான் சொன்னானுவ. நான் சொல்லாம இருந்தா நீங்க பழையதுபோல ஏலா தாண்டி ஓடி வருவிய. போலீசுக்கு நடுவில வந்து நிப்பிய. அதை நான் பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

"சேட்டன் அறியண்டா," என்றார் அக்கச்சி. கணவருக்குத் தெரிய வேண்டாம் என்று அர்த்தம். "ஞான் ஆரோடும் பறயில்லா." யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று. பிறகு, நாங்கள் திரும்பி நடக்கும்போது, பின்னாலிருந்து கேட்டார். "எடியே, அப்போ வீட்டில் ஒரு ஆபத்து வந்நாலோ? அதினு வேறே ஒண்ணு வேண்டே?"

"அதைப் பிறகு பாத்துக்கிடலாம் அக்கச்சி."

வீட்டு ஆபத்துக்கு வேறு கூவல் வைப்பதைப் பற்றிப் பிறகு அவர்கள் பேசவே இல்லை. போலீஸ் வண்டி வந்தது, அம்மா கூவினாள், கதவுகள் அடைந்தன, வண்டி வெறுமனே திரும்பிப் போயிற்று. இப்படிச் சில தடவை. சந்தையில் அம்மாவுக்குத் தனி மரியாதை வந்தது. அம்மா வேலையோடு வேலையாக ரோட்டு வளைவைப் பார்த்துக்கொண்டே இருக்கப் பழகிவிட்டாள்.

அது நல்லமிளகு பறிக்கும் காலம். மத்தியானம். அப்பா பலாமரத்தில் ஏணி சாய்த்து மிளகுக்கொடியில் கைவைத்திருந்தார். நான் கீழே மிளகை உதிர்த்துக்கொண்டிருந்தேன். ஏணிக்கு எட்டாத ஒரு கொடிக்காகக் கிளையில் கால் மாற்றினார். கிளை முறிந்தது. அப்பா தோட்டத்து மதிலான கையாலைக் கல்லின் மேல் முதுகு பட விழுந்தார்.

அம்மா ஓடி வந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கடைவாயில் ரத்தம் வந்தது. கால்கள் அசையவில்லை. அம்மா தலையை நிமிர்த்திக் கூவினாள். மூச்சு விடாமல் மூன்று. அது யோசித்துக் கூவியதில்லை. பிறந்தது முதல் அவள் தொண்டையில் இருந்தது வந்துவிட்டது.

எதிர் மேட்டில் அக்கச்சி நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். கூவல் கேட்டு நிமிர்ந்தார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. ரோட்டுப் பக்கம் பார்த்தார். கொடியில் கிடந்த துணியை உருவிக்கொண்டு உள்ளே போய்க் கதவை அடைத்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே அது நடந்தது. மர நிழலுக்குள் தரையில் கிடந்த அப்பா அங்கிருந்து தெரிய மாட்டார்.

பதில் குரல் வரவில்லை என்று அம்மா மறுபடியும் கூவினாள். இன்னும் உரக்க. எங்கள் மேட்டிலும் ஒவ்வொரு கதவாக அடைபடும் சத்தம் கேட்டது. கீழ்ப்பாதையில் மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த ஆண்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையாலை தாண்டி ரப்பருக்குள் ஓடினார்கள். அப்பாவைத் தூக்கக்கூடிய ஆட்கள் எல்லாம் ஓடினார்கள்.

அப்பாவுக்கு நினைவு இருந்தது. "கூவாத," என்றார் அம்மாவிடம். சிரிக்கிற மாதிரி வாய் கோணியது. "கூவக் கூவத் தூரமாப் போவானுவ."

அப்போதுதான் அம்மாவுக்குப் புரிந்தது. "மக்கா, அவிய நான் சொன்னதையாக்கும் செய்யுதாவ," என்றாள் என்னிடம். "நீ ஓடு."

நான் ஏலாவில் இறங்கி ஓடினேன். வரப்பில் வழுக்கி வயலுக்குள் விழுந்து எழுந்து ஓடினேன். அக்கச்சி வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே சத்தம் இல்லை. போலீசும் அப்படித்தான் தட்டுவார்கள். "அக்கச்சி, நானாக்கும், அப்பா விழுந்துட்டாரு," என்றேன். தாழ்ப்பாள் திறந்தது. அக்கச்சி என் முகத்தைப் பார்த்தார். எனக்கு முன்னால் ஏலாவில் ஓடினார். நான் வாலிபப் பெண், என்னால் அவரைப் பிடிக்க முடியவில்லை.

மிளகு பறித்த ஏணியைக் கிடத்தி அதன் மேல் பாயை விரித்து அப்பாவைத் தூக்கினோம். அம்மா, அக்கச்சி, நான், கீழ்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். திரும்பி வந்து எங்கள் மேட்டில் நான் வீடு வீடாகத் தட்டியதில் திறந்தது அந்தக் கீழ்வீட்டுக் கதவு ஒன்றுதான். ரோட்டில் ஒரு மரச்சீனி லாரி நின்றது. அதில் ஏற்றி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். முதுகெலும்பு போய்விட்டது, உள்ளேயும் ரத்தம் என்றார் டாக்டர். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கச்சி அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். வயல் சேறு காய்ந்து காலில் வெள்ளையாகி இருந்தது.

"ஞான் கேட்டது," என்றார். "கேட்டிட்டாணு அடைச்சது." கேட்டதால்தான் அடைத்தேன் என்று.

"தெரியும்," என்றாள் அம்மா.

அந்தக் காரியத்தைப் பற்றி அவர்கள் இருவரும் பேசியது அவ்வளவுதான். வாரம் முடிவதற்குள் அப்பா இறந்துபோனார்.

அடக்கத்துக்கு ஊரெல்லாம் வந்தது. கல்லறையிலிருந்து திரும்பும்போதே பேச்சு முளைத்திருந்தது. எதிர் வீட்டுக்காரி பார்த்துக்கொண்டே கதவை அடைத்தாளாம். யாரோ ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தார்களாம். பார்த்தவர்கள் தங்கள் கதவை அடைத்துவிட்டுத்தானே பார்த்தார்கள். அதை யாரும் சொல்லவில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினவர்களும் சொல்லவில்லை. சொன்னால் கூவலின் அர்த்தம் வெளியே வரும், வந்தால் போலீஸ் அம்மாவைப் பிடிக்கும், வாலிபர்களையும் பிடிக்கும். அது உண்மையான பயம்தான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாயை மூடிக்கொள்வது வேறு, பொய்யைப் பேச விடுவது வேறு.

தையல்கார அண்ணன் என்னைத் தேடி வந்தார். "படிச்ச பிள்ளை நீ. வாற கூட்டத்துல அப்பனைப் பற்றி மேடையில நாலு வார்த்தை பேசணும். கூவல் காரியம் மட்டும் வரப்பிடாது."

மேடை என்றதும் எனக்கு ஆசை வந்தது உண்மை. ஆனாலும் கேட்டேன். "அக்கச்சி காரியத்த எப்படிச் சொல்லுதது அண்ணே?"

"அதை நாம எதுக்குச் சொல்லணும்? ஆளுவ தானே சொல்லுதாவ."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "என் மக மேடைக்கு வரமாட்டா தம்பி."

அண்ணன் எழுந்து போனார். கூட்டத்தில் வெளியூரிலிருந்து வந்த ஒருவர் பேசினார். ஒலிபெருக்கிச் சத்தம் எங்கள் முற்றம் வரை கேட்டது. ஏலாவுக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். அடைத்த கதவைப் பற்றி அவர் நன்றாகத்தான் பேசினார். கைதட்டல் நிற்க நேரமாயிற்று. அம்மா முற்றத்தில் நின்று எதிர் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே விளக்கு எரிந்தது. யாரும் வெளியே வரவில்லை.

அக்கச்சி ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அடைக்கச் சொன்னது இவள்தான் என்று சொல்லியிருந்தால் அவர் பேர் நின்றிருக்கும். அவர் யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போலீஸ் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். வரவில்லை.

அந்த வருட அறுவடைக்கு அக்கச்சியின் வயலில் இறங்க ஆள் கிடைக்கவில்லை. கதிர் சாய்ந்து முளைத்தது. கடையில் அவருக்கு உப்புக்கூடக் கடைசியாகத்தான் கிடைக்கும். முதல் சில நாட்கள் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவோடு உட்கார்ந்திருந்தார். துக்கத்துக்கு வந்த பெண்கள் அவரைக் கண்டதும் எழுந்து வெளியே போனார்கள். பிறகு அவர் வருவதை நிறுத்திக்கொண்டார்.

அம்மா கூவுவதை நிறுத்திவிட்டாள். மூன்றை மட்டுமல்ல, எல்லாவற்றையும். கடைக்குப் போகும்போது முற்றத்து ஓரம் வரை போய் நிற்பாள். வாய் திறக்காமல் திரும்பி வருவாள். போலீஸ் வண்டியைப் பார்த்துக் கூவக் கீழ்வீட்டுக்காரியை ஏற்பாடு செய்தார்கள். அவளும் அதே மூன்றைத்தான் கூவினாள். எதிர் முற்றத்தில் அக்கச்சி வேலை செய்துகொண்டே சில நேரம் நின்று எங்கள் பக்கம் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். ஒரு கூவலுக்காகத்தான் நின்றார் என்று எனக்குத் தோன்றும். அது வராததைக் கோபம் என்று எடுத்துக்கொண்டிருப்பாரோ என்ற பயமும் வரும்.

"போய் ஒரு வார்த்தை சொல்லுங்க அம்மே," என்றேன்.

"எந்த வாயை வச்சி?" என்றாள். "போனாலும் ஊரு அவியளத்தான் பேசும், மலையாளத்தி இவளக் காலுல விழ வச்சிட்டாளாம்னு."

அக்கச்சியின் கணவர் ஆரியங்கோட்டுப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டார். வீட்டையும் விளையையும் விற்றார்கள். புறப்படுகிற நாள் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் எதிர் மேட்டு ரோட்டில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றபோதுதான் தெரிந்தது. பெட்டி, கட்டில், பாத்திர மூட்டை எல்லாம் ஏற்றினார்கள். அக்கச்சி பசுவைப் பிடித்துக்கொண்டு கடைசியாக இறங்கினார். வண்டிப் பாதையில் போகாமல் ஏலா வரப்பு வழியாக ரோட்டுக்கு நடந்தார். தலையில் ஒரு செம்புக்குடம்.

அம்மா முற்றத்து ஓரம் போய் நின்றாள். நான் பின்னால் நின்றேன். அக்கச்சி பாதி வரப்பு கடந்துவிட்டார். அம்மா கூவினாள்.

மூச்சு விடாமல் மூன்று.

எங்கள் மேட்டில் கதவுகள் அடைபட்டன. ஒன்றன்பின் ஒன்றாக, மேலிருந்து கீழ் வரை. ரோட்டோரம் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கிளாசை வைத்துவிட்டு ஓடினார்கள். வெளியில் இருந்தது நாங்களும், வண்டிக்காரனும், அக்கச்சியின் கணவரும், வரப்பில் அக்கச்சியும்தான். அந்த நேரம் போலீசார் யாரும் ரோட்டில் இல்லை. இருந்திருந்தாலும் அம்மா கூவியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

அக்கச்சி நின்றார். குடத்தை இறக்கி வரப்பில் வைத்தார். இந்த முறை ரோட்டைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார். அங்கேயே நின்று விளி கேட்டார்.

"ஹோய்."

அவர் வரவில்லை. வண்டியிலிருந்து கணவர் கூப்பிட்டார். குடத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பசுவை இழுத்துக்கொண்டு போய்விட்டார். வண்டி குன்னத்துகால் வளைவில் மறையும் வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கீழ்வீட்டுக்காரி தலையை நீட்டி, "வண்டி எங்க அக்கா, காணல்லியே," என்று கேட்டாள்.

"போயிட்டுது," என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு தெற்கே உள்ள தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு போயின. எங்கள் தாலுகா மலையாளப் பக்கமே நின்றது. தையல்கார அண்ணன் கடையை மூடிவிட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் குடிபோனார். நான் இப்போது ஒரு பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். பெயர் கூப்பிட்டதும் பிள்ளைகள் 'உள்ளேன் டீச்சர்' என்கிறார்கள். பதில் வராத பெயரை நான் தாண்டிப் போவதில்லை. எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பெயரைக் கூப்பிடுகிறேன்.